பக்கத்து சீட்டு

காதுல மாட்டியிருக்கீகளே தாயி, அது பாட்டா? இல்ல, கண்ணை மூடச் சொல்லி ஒரு பொம்பளை பேசுமே, அதுவா?

பாட்டுத்தானா. அப்பச் சரி, கேளுங்க. அந்தப் பொம்பளையா இருந்தா வேற சீட்டு பார்ப்போம்னு நெனச்சேன். அந்தக் குரலு எனக்கு இப்பல்லாம் ஆகுறதில்ல. அட, எனக்காக எதுக்குக் கழட்டுறீக? கழட்ட வேணாம்னேன். சரி, கழட்டுனது கழட்டிட்டீக, இருக்கட்டும். பேச்சுத் தொணையா ஆச்சு.

திருச்சி வரைக்குமா? நானும் திருச்சிதான். அங்க எறங்கி தஞ்சாவூரு, அப்புறம் திருக்கருகாவூரு. வயித்துப் பிள்ளையைக் காக்கிற அம்மன் இருக்காள்ல, அங்க. சிரிக்காதீக, எனக்கில்ல. என் மருமகளுக்கு. நாகஜோதின்னு பேரு. தேனியில ஒரு ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. ஏழு மாசம். பிரஷரு. காலெல்லாம் வீங்கி, கொலுசு ஏறல. பிரஷரு இப்பிடியே ஏறுனா பிள்ளையை இப்பவே எடுத்துரணும்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. இப்ப எடுத்தா தங்குறது சந்தேகம். அதனால ஒவ்வொரு வாரமாத் தள்ளிக்கிட்டுப் போகணும், மனசு அமைதியா இருக்கணும்னு அங்கயே படுக்க வச்சிட்டாக.

இதுக்கு முந்தி ரெண்டு போச்சு தாயி. ஒண்ணு நாலாம் மாசத்துல. இன்னொண்ணு இதே ஏழாம் மாசத்துல. வெண்ணெய் தெரண்டு வர்றப்பத் தாழி ஒடைஞ்ச கதை. அதைப் பேச வேணாம், விடுங்க.

என் பேரு பேச்சியம்மா. சின்னமனூரு. பேருக்கேத்த வாயின்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அவரு போயிச் சேர்ந்துட்டாரு, வாயி மட்டும் அப்பிடியே இருக்கு.

இந்தத் தடவை அவ உண்டானது தெரிஞ்ச நாள்லருந்து கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தேன் தாயி. ஒரு சொம்புத் தண்ணி தூக்க விட்டதில்ல. ஒரு நிமிசம் தனியா விட்டதில்ல. குளிக்கப் போனாக் கதவுக்கு வெளியில நிப்பேன். தாப்பாப் போடாதன்னு சொல்லிருவேன். உள்ள சத்தம் நின்னாத் தட்டுவேன். ராத்திரி பொரண்டு படுத்தா, "என்னத்தா, என்ன பண்ணுது?"ன்னு எந்திரிச்சிருவேன். என் மகன் பாண்டீஸ்வரன் கூடத்துலதான் படுப்பான், நாந்தான் அவ கட்டிலுக்குக் கீழ. "பிள்ளை அசையுதா, பிள்ளை அசையுதா?"ன்னு நாழிக்கொருக்கக் கேட்டுக்கிட்டே இருப்பேன். பதில் சொல்ல லேட்டானா வயித்துல கையை வச்சே பார்த்துருவேன்.

அப்புறம் சூதானமா இருக்கணும்ல, அதனால எல்லாக் கதையும் சொல்லுவேன். எங்க தெருவுல ஒருத்தி வாளியைத் தூக்கி என்ன ஆச்சு, குச்சனூருல என் நாத்தனா மக வண்டியில போயி என்ன ஆச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுவேன். சொன்னாத்தானே தெரியும்? அவ "சரித்தே, சரித்தே"ம்பா. நல்ல பிள்ளை. எதுத்துப் பேச மாட்டா. ஆனா என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லத்தே"ங்கிற ஒரே பதிலுதான். மனசுல என்ன இருக்குன்னு தோண்டுனாலும் வராது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறம்பாக. இவளுக்கு வாயே இல்ல.

இம்புட்டுப் பார்த்தும் பிரஷரு ஏறிப்போச்சு. எப்பிடி ஏறுச்சுன்னே தெரியல.

ஆஸ்பத்திரியில எஸ்தர்னு ஒரு பொண்ணு. மருந்து கொடுக்காது, ஊசி போடாது. பேசுறதுதான் அதுக்கு வேலை. பேசுறதுக்கு ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ சேர்ந்திருப்பேன். அது வந்து இவ பக்கத்துல உக்காந்து, "கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுங்க. இப்ப நீங்க ஒரு ஆத்தங்கரைக்குப் போறீங்க. தண்ணி சத்தம் கேக்குது. தண்ணியில காலை நனைக்கிறீங்க"ன்னு ஆரம்பிச்சுச்சு பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.

நீங்களே சொல்லுங்க. உச்சி நேரம். வயித்துப்பிள்ளைக்காரி. ரெண்டு பறிகொடுத்தவ. அவளைத் தனியா ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போறாக! நெசத்துலயே வாசல் தாண்ட விடாம வச்சிருக்கேன் நான். "அம்மா, நெசமாப் போகல, நெனப்புலதான் போறாங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நெனப்புல போனா மட்டும் காத்துக்கருப்பு விட்டுருமா? நெனப்புலதானே மொதல்ல புடிக்குது?

அப்புறம் அதையே போன்லயும் ஏத்திக் கொடுத்துருச்சு, தெனம் ரெண்டு வேளை கேக்கணும்னு. சலசலன்னு தண்ணி சத்தம் வேற. நான் என்ன செஞ்சேன், வேப்பங்கொத்து ஒண்ணு ஒடிச்சாந்து தலைமாட்டுல சொருகி, பீரோச் சாவியை எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சேன். இரும்பு இருந்தா எதுவும் அண்டாது. அவ ஆத்தங்கரைக்குப் போற நேரம் அவ கையைப் புடிச்சுக்குவேன். ஒரு மூச்சு விட்டிருப்பா, "எங்கத்தா இருக்க?"ன்னு கேப்பேன். "அத்தே…"ன்னு கண்ணைத் தெறப்பா. "தண்ணிக்குள்ள எறங்கிறாத, கரையிலயே நில்லு"ம்பேன். மறுபடி மூடுவா. கொஞ்ச நேரம் பார்ப்பேன். மூஞ்சி அப்பிடியே தளர்ந்து, ஒதடு லேசாப் பிரிஞ்சு, எங்கயோ போயிருவா. எனக்குப் பொறுக்காது. "வந்துட்டியா? நாகு, வந்துட்டியா?"

சிஸ்டரு என்னைய சத்தம் போட்டுச்சு, "நடுவுல கூப்பிடாதீங்கம்மா"ன்னு. கூப்பிடாம எப்பிடி இருக்கிறது? போனவ போன எடத்துலயே இருந்துட்டா? அவுகளுக்கென்ன, ஷிப்டு முடிஞ்சா வீட்டுக்குப் போயிருவாக.

கண்டக்டர், திருச்சி ஒண்ணு. ஆமா, ஒண்ணுதான். இவுக வேற, நான் வேற.

எங்க விட்டேன்? ஆங், பிரஷரு. அது ஒரு ஆச்சரியம் தாயி. சாயங்காலம் நான் வீரபாண்டிக்கு, கௌமாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வருவேன். போயிட்டு வந்த அன்னிக்கெல்லாம் பிரஷரு எறங்கியிருக்கும்! சிஸ்டரே சொல்லுச்சு, "நீங்க போயிட்டு வந்தா நல்லா இருக்கும்மா, அடிக்கடி போங்க"ன்னு. வேற மதத்துப் பிள்ளை, அதுக்கே நம்ம அம்மன் சக்தி தெரிஞ்சிருக்கு பாருங்க.

ஒரு நாள் முடியல. முட்டியில வலி. பஸ்ஸும் வரல. தேனி பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே உக்காந்துட்டேன், கோயிலுக்கே போகல. இருட்டுனப்புறம் பயந்துக்கிட்டே வார்டுக்குத் திரும்புனேன். பார்த்தா, அன்னிக்கும் எறங்கியிருக்கு! மத்த நாளைவிட நல்லா எறங்கியிருக்கு. மனசால நெனச்சாலே போதும்போல அம்மனுக்கு, வேண்டுதல் போயிச் சேர்ந்துருது.

அந்த பெஞ்சுலதான் நானும் ஒருக்கப் பண்ணிப் பார்த்தேன் தாயி, அந்தக் கண்ணு மூடுறதை. யாருக்குத் தெரியப் போகுது? கண்ணை மூடி, மூச்சை இழுத்து, எனக்குப் புடிச்ச எடத்துக்குப் போகலாம்னு உக்காந்தேன். என்ன எடம்னு நெனைக்கிறீக? ஒண்ணும் வரல. அடுப்புல பாலு பொங்குற மாதிரி வந்துச்சு, எந்திரிச்சு ஓடணும்போல இருந்துச்சு. அப்புறம் வாசத் தெளிக்கணும், மாவு ஆட்டணும். இம்புட்டு வயசுல, செத்த நேரம் கண்ணை மூடி உக்காருறதுக்கு எனக்குன்னு ஒரு எடம் இல்ல பாருங்க.

அப்புறம் அது வந்துச்சு. அந்த ஏழு மாசத்துப் பிள்ளை. ஆம்பளைப் பிள்ளை தாயி. ஆஸ்பத்திரித் துணியில சுத்திக் கொடுத்தப்ப எம் மகன் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டான், நாந்தான் கையை நீட்டி வாங்குனேன். ஆட்டோவுல வீடு வந்து சேர்ற வரைக்கும் மடியில வச்சிருந்தேன். நகமெல்லாம் இருந்துச்சு. நகமெல்லாம் இருந்துச்சு தாயி. அன்னிலருந்து கண்ணை மூடுனா அதுதான் வருது. அதனாலதான் நான் கண்ணை மூடுறதில்ல. வாயையும் மூடுறதில்ல.

இல்ல, தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன். என்னத்தையோ சொல்ல வந்து என்னத்தையோ சொல்றேன். அலுப்பு தாயி. ஒடம்பு அலுப்புன்னா படுத்தாப் போயிரும்.

என்னுது மனசு ஆத்தாமை, அது வேற. அதைச் சொல்றேன், கேளுங்க.

ஆத்தங்கரை ஒத்து வரல, பிரஷரு ஏறுதுன்னு அந்த எஸ்தர் பொண்ணு ஒரு நாளு, "நீங்களே ஒரு எடம் சொல்லுங்க நாகஜோதி. எங்க இருந்தா உங்களுக்கு நிம்மதி?"ன்னு கேட்டுச்சு. நான் இருக்கேன்ல, இவ வாயே தெறக்கல. "அம்மா, பிளாஸ்க்குல வெந்நி வாங்கிட்டு வாங்களேன்"னுச்சு அந்தப் பொண்ணு. எனக்குத் தெரியாதா? பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் போயி நின்னுக்கிட்டேன். ஒட்டுக் கேக்கலை. மருமக வெவரம் மாமியாருக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்.

என்ன எடம் சொல்லியிருப்பான்னு நெனைக்கிறீக? எங்க வீட்டைச் சொல்லுவான்னு நெனச்சேன். அவளுக்குன்னு பேன் மாட்டி, மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன். சரி, அது வேணாம், ஆத்தா வீட்டைச் சொல்லியிருந்தாக்கூட வருத்தமில்ல. அவளுக்கு ஆத்தா இல்ல, அக்காதான். கோயிலு குளம் சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸாம்!

கல்யாணத்துக்கு முந்தி போடியிலருந்து தேனிக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்துக்கிட்டு இருந்தா. அந்த பஸ்ஸு. காலையில ஜன்னலோரம் உக்காந்திருப்பாளாம். கோடாங்கிபட்டி தாண்டுனாக் காத்து சில்லுன்னு மாறுமாம். மலை கூடவே ஓடியாருமாம். டிக்கெட்டு எடுத்தாச்சு, எறங்குற வரைக்கும் ஒரு வேலையும் இல்ல, யாரும் எதுவும் கேக்க மாட்டாக. "அதுலதான் போயிக்கிட்டே இருக்கேன்"ங்கிறா. அந்தப் பொண்ணு, "கூட யாரு இருக்காங்க?"ன்னு கேட்டுச்சு. இவ சொல்றா, "யாருமில்ல. பக்கத்து சீட்டு காலி"ன்னு.

காலியாம் தாயி! நெனப்புல ஓடுற பஸ்ஸுதானே, காசா பணமா? கட்டுன புருசனை ஒக்கார வச்சா என்ன கொறைஞ்சு போகும்? சோறு ஊட்டி, காலு அமுக்கி, பெட்பேன் எடுத்து, கண்ணு முழிச்சுக் கெடக்கிற இந்தக் கெழவியை ஒக்கார வச்சா என்ன? நின்னுக்கிட்டு வர்றேன்னு சொன்னாக்கூட எடம் இல்லபோல. காலிப் பிளாஸ்க்கோட திரும்பி வந்துட்டேன். வெந்நியும் வாங்கல ஒண்ணும் வாங்கல.

மறுநாள்லருந்து அவ பஸ்ஸுல போக ஆரம்பிச்சா. நான் விடுவேனா? "எந்த ஊரு வந்திருக்கு?"ம்பேன். "கோடாங்கிபட்டி தாண்டிருச்சா?"ம்பேன். "பள்ளத்துல கிள்ளத்துல தூக்கிப் போடப் போகுது, கம்பியைப் புடிச்சுக்கோ"ம்பேன். ஒட்டுக் கேட்டது அப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்போல. என்னைய ஒரு பார்வை பார்த்தா. கோவமில்ல. என்ன பார்வைன்னு சொல்லத் தெரியல. பஸ்ஸுக்குள்ளயும் வந்துட்டீகளான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ஏறுச்சு பாருங்க பிரஷரு, டாக்டரம்மாவே ஓடியாந்துருச்சு. பிள்ளையை எடுத்துரலாம்னு ஆபரேசன் தியேட்டருக்கு ஆள் விட்டாக. எப்பிடியோ மருந்து ஏத்தி, விடியிறதுக்குள்ள எறக்கிட்டாக. அந்தத் தடவை தப்பிச்சோம்.

அதுக்கப்புறம்தான் எம் மகன் வந்தான். "அம்மா, நீ கோயிலுக்குப் போனா நல்லா இருக்குல்லம்மா"ன்னான். "ஆமாடா"ன்னேன். "இந்த வீரபாண்டி கிட்டக்க இருக்கு. திருக்கருகாவூருன்னு ஒரு கோயிலு இருக்காம். தூரம். அங்க சத்திரத்துல தங்கி, பிள்ளை பொறக்கிற வரைக்கும் வேண்டிக்கிட்டு இரேன்"னான். என் மூஞ்சியைப் பார்க்கல. செவுத்துல இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான். "இங்க யாருடா பார்ப்பா?"ன்னேன். "அவ அக்கா வர்றேங்குது"ன்னான். அவ அக்கா ஒரு ஊமைக்கோட்டான் தாயி. நாள் முழுக்க உக்காந்திருந்தாலும் ஒரு வார்த்தை வராது. அவளை வச்சுக்கிட்டு நோயாளி எப்பிடிப் பொழுது போக்குவா?

ஆனா சரின்னுட்டேன். நான் ஒண்ணும் மக்கு இல்ல. பக்கத்துல இருக்கிற கோயிலுக்குப் போனாலே இம்புட்டு எறங்குதுன்னா, தூரமாப் போனா இன்னும் எறங்கும்ல? எறங்கணும். அதுக்கு எம்புட்டுத் தூரம் வேணாலும் போறேன். காசின்னாலும் போறேன்.

இன்னிக்கு வெள்ளனக் கெளம்புறப்ப அவ தலையைத் தடவி விட்டேன். வாயை அடக்கணும் அடக்கணும்னுதான் நெனச்சேன். கேட்டுட்டேன். "ஏத்தா நாகு, அந்தப் பக்கத்து சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கா?"ன்னு. அவ என் கையைப் புடிச்சா. கல்யாணமாகி வந்து அவளா என் கையைப் புடிச்சது அதுதான் மொத தடவை. "காலி இல்லத்தே. துண்டு போட்டு வச்சிருக்கேன்"னா.

யாருக்குன்னு நான் கேக்கல. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, கேட்டா ஏறும்னு முழுங்கிட்டேன். எனக்காத்தான் இருக்கும். இல்லன்னா எம் மகனுக்கு இருக்கும். வேற யாரு இருக்கா அவளுக்கு? அதைத்தான் தேனியிலருந்து நெனச்சுக்கிட்டே வர்றேன்.

தாயி?

தூங்கிட்டீகளா? இல்ல, கண்ணு இமை ஆடுது. சும்மா மூடியிருக்கீக. இருங்க, தெறக்காதீக. ஜன்னலோரத்துல காத்து வருதுல்ல, நல்லாத்தான் இருக்கும். நான் பாட்டுக்கு வளவளன்னு… வத்தலக்குண்டு வந்துருச்சு, நெறையப் பேரு எறங்குறாக. முன்னாடி ஒரு சீட்டு காலியாகுது. நான் அங்க போயிக்கிறேன். கோவமில்ல தாயி, கோவமெல்லாம் இல்ல. நீங்களும் எங்கயாவது போயிக்கிட்டு இருப்பீக. திருச்சி வந்தா எழுப்பி விடுறேன். இல்ல, எழுப்பல. நீங்களாவே முழிச்சுக்குங்க.

இந்தாங்க, என் துண்டை இந்த சீட்டுல போட்டுட்டுப் போறேன். ஏறுறவுக வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்து, என்னை மாதிரியே பேச்சுக் கொடுப்பாக. யாராச்சும் கேட்டா, ஆள் வருதுன்னு சொல்லிருங்க.

ஆள் வருதுன்னு…

யாத்தே.

ஆள் வருதுன்னுதான் சொல்லியிருக்கா. எனக்குமில்ல, எம் மகனுக்குமில்ல, வயித்துல இருக்கிற ஆளுக்கு. ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு, அம்புட்டுக் கூட்டத்துல யாரையும் ஒக்கார விடாம, அந்த ஒரு சீட்டைத்தான் புடிச்சு வச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் போயி, எனக்கு எடம் இல்லையான்னு இடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.

இல்ல, ஒண்ணுமில்ல. அழுகல. நீங்க மூடுங்க கண்ணை. துண்டு கெடக்கட்டும், யாரு கேட்டாலும் எடுத்துராதீக. ஆள் வருதுன்னு சொல்லுங்க தாயி. வந்துரும்.